இறங்கிய லீவர்

மேடம் கார் ஓட்டும்போதெல்லாம் பக்கத்து இருக்கையில் கொசுறின் கால் பிரேக்கை மிதித்தது. அங்கே பிரேக் இல்லை.

ஒரு காலத்தில் இருந்தது. அது டிரைவிங் ஸ்கூல் கார். கற்றுக்கொள்பவர் தடுமாறினால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் மிதிப்பதற்கென்று இன்னொரு பிரேக் வைத்திருந்தார்கள். ஸ்கூலை இழுத்து மூடியபோது காரை மேடம் வாங்கினார். ஆசிரியர் போக்கிடம் இல்லாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தான். காருக்குக் கொசுறாக அவனையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் பெயரே நிலைத்தது. மெக்கானிக் அந்த இரண்டாவது பிரேக்கைக் கழற்றிக் குப்பையில் போட்டான். கொசுறின் காலிலிருந்து அதைக் கழற்ற யாராலும் முடியவில்லை.

"இன்னிக்கு எத்தனை தடவை மிதிச்ச?" என்று கேட்டார் மேடம்.

"நீங்க எத்தனை பேரைக் கொல்லப் பாத்தீங்களோ, அத்தனை தடவை."

மேடம் சிரிக்கவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளை விசாரித்தே தலை நரைத்தவர். இப்போது அதே வேலையைத் தனியாகச் செய்கிறார். சிரிப்பைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டு வந்தார் என்று கொசுறு வெளியில் சொல்லிக்கொள்வான்.

அவர்கள் சிறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஊர் எல்லையில் ஒரு ரெக்கவரி ஷெட். வழியில் நின்றுபோன வண்டிகளையும் கவிழ்ந்துபோன வண்டிகளையும் இழுத்து வருவது தொழில். அண்ணன் தம்பி இருவர் நடத்தினார்கள். அண்ணன் பெரியவர், தம்பி சின்னவர். ஊர் அவர்களை அப்படித்தான் அழைத்தது. ஒரு நண்பகலில் சின்னவர் தன் லாரியின் வின்ச்சில் சிக்கிச் செத்துப்போனார்.

வின்ச் என்பது பாட்டரியில் ஓடும் மோட்டார். அது ஒரு டிரம்மைச் சுழற்றும். டிரம்மில் இரும்புக் கயிறு சுற்றும். கயிற்றின் நுனியில் இழுக்க வேண்டிய வண்டி. அன்று கயிறு டிரம்மில் தாறுமாறாக ஏறிக்கொண்டது. சின்னவர் கரண்ட்டை நிறுத்திவிட்டு லாரியின் மேல்தட்டில் ஏறி, கயிற்றைக் கையால் நேராக்கினார். அப்போது கரண்ட் வந்தது. முதலில் கையுறை போனது. பிறகு கை. பிறகு தோள்.

போலீஸ் எடுத்த போட்டோவில், பாட்டரிக் கரண்ட்டைத் துண்டிக்கும் பிரேக்கரின் லீவர் இறங்கியிருந்தது. லீவர் இறங்கியிருந்தால் கரண்ட் இல்லை என்று பொருள். கரண்ட் இல்லாத வின்ச் ஓர் ஆளைத் தின்றிருக்கிறது. ஆகவே பிரேக்கர் பொய். பொய்யான பிரேக்கரை மாட்டிய வயர்மேன் கொலைகாரன். கணக்கு சுத்தமாக இருந்தது. வயர்மேனை உள்ளே வைத்தார்கள்.

மேடத்தை அமர்த்தியது சின்னவரின் மனைவி. ஷெட்டில் எல்லோருக்கும் சின்னக்கா. அவள் ஒன்றுதான் கேட்டாள். அவன் வெளியே வரக் கூடாது. கேஸில் எங்காவது ஓட்டை இருந்தால் அடைத்துத் தர வேண்டும்.

"அடைக்கக் கூப்பிட்டாங்க. நாம தோண்டப் போறோம்," என்றான் கொசுறு.

"எங்க இருக்குன்னு தெரியாம எதை அடைக்கிறது?"

பின் இருக்கையில் கொசுறின் பழைய பேப்பர்கள், துண்டு, ஒற்றைச் செருப்பு எல்லாம் ஒவ்வொரு வளைவிலும் இடம் மாறிக்கொண்டிருந்தன. அதைப் பற்றி மேடம் சொல்ல வேண்டியதையெல்லாம் எப்போதோ சொல்லி ஓய்ந்துவிட்டார்.

சிறையின் பார்வையாளர் அறையில் கம்பி வலை. வலையில் பேச வந்தவர்களின் விரல் அழுக்கு. வயர்மேன் எதிரில் வந்து உட்கார்ந்தான். வணக்கம் சொல்லவில்லை.

"என்னை உள்ளேயே வச்சுப் பூட்ட வந்தவங்க நீங்கதானா?"

"பூட்டு நல்லா இருக்கான்னு பாக்க வந்தோம்," என்றான் கொசுறு.

வயர்மேனுக்குத் தன்னைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது. சிறை அதைக் குறைக்கவில்லை. ஊரில் உள்ள மற்ற வயர்மேன்கள் எல்லாரும் பூ கட்டத்தான் லாயக்கு என்றான். தன் வேலையில் குறை சொல்ல ஒருவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்றான்.

"பிரேக்கரை எங்க வச்சேன்? பாட்டரிலேர்ந்து ஒரு சாண். மத்தவன் கொண்டுபோய் வின்ச் பக்கத்துல வைப்பான். நடுவுல இவ்வளவு நீளம் கேபிள் ஓடுதே, அதை யார் காப்பாத்துறது? அவன் மாமியாரா?"

மேடம் அவனைப் பேசவிட்டார். பிரேக்கர் மோட்டாருக்காக இல்லை, கேபிளுக்காக என்றான். கேபிளின் தோல் எங்காவது உரசி உள்கம்பி இரும்பில் பட்டால், பாட்டரியில் இருக்கும் பலம் முழுவதும் ஒரே மூச்சில் வெளியே வரும். கேபிள் பழுக்கும், வண்டி எரியும். அதற்கு முன்னால் பிரேக்கர் விழ வேண்டும். அவர்கள் வாங்கிக் கொடுத்தது மெல்லிய கேபிள். அதற்கு ஏற்ற அளவில்தான் பிரேக்கர் போட்டான். பெரிய வண்டியை இழுக்கும்போதெல்லாம் லீவர் விழுந்தது. பெரிய பிரேக்கர் போடு என்று அண்ணனும் தம்பியும் நச்சரித்தார்கள். முதலில் கேபிளைத் தடிமனாக்குங்கள் என்று இவன் பிடிவாதம் பிடித்தான். இரண்டும் நடக்கவில்லை. லீவர் நாள் தவறாமல் விழுந்தது. அவர்கள் நாள் தவறாமல் ஏற்றினார்கள்.

"ஆரம்பத்துல நான் ஃபியூஸ்தான் போட்டேன்," என்றான். "ஃபியூஸ் போனா போனதுதான். புதுசு மாட்ட ஸ்பானர் எடுக்கணும். ஸ்பானரைத் தேடிப் போறவன், எதனால போச்சுன்னு ஒரு நிமிஷமாவது யோசிப்பான். இவங்களுக்கு அந்த ஒரு நிமிஷம் இல்ல. லீவர் வச்சதைப் போடுன்னாங்க. ஒரு விரல் போதும்னாங்க."

"விழுந்த லீவர் தானா ஏறுமா?"

"அப்படியும் ஒரு ரகம் கடையில கிடைக்குது. சூடு ஆறினா அதுவா ஒட்டிக்கும். அதை வின்ச்சுல போடுறவன் மடையன். நான் போட்டது, விரல் வச்சாத்தான் ஏறும்."

ரிமோட்டை யாரும் அழுத்தாமல் வின்ச் எப்படி ஓடியது என்று மேடம் கேட்டார். அதற்கும் பதில் வைத்திருந்தான். மோட்டாருக்குக் கரண்ட்டை அனுப்பும் சுவிட்சு, சோலனாய்டு, உள்ளே சூட்டில் ஒட்டிக்கொள்ளும். பட்டனை விட்டாலும் விடாது. அப்போது வின்ச்சை நிறுத்த ஒரே வழி, பிரேக்கரில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தி லீவரை இறக்குவதுதான். சின்னவர் அதைத்தான் செய்திருப்பார். சோலனாய்டு ஒட்டியிருந்ததைப் போலீசும் பார்த்திருக்கிறது.

"அப்ப யாரோ லீவரை ஏத்தினாங்கங்கிற?"

"பின்ன?"

"போட்டோல கீழதானே இருக்கு."

வயர்மேன் முதல்முறையாக வாயை மூடினான். இத்தனை நாளும் அந்த ஒரு கேள்வியோடுதான் அவன் உள்ளே படுத்துக் கிடந்திருக்கிறான் என்பது கொசுறுக்கு அவன் கண்ணைப் பார்த்ததும் தெரிந்தது.

பிறகு அவன் இன்னொன்று சொன்னான். வயரிங் முடித்த அன்றே ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்திருந்தானாம்.

"டிரம்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி லீவரை இறக்கு. தலையில போட்டிருக்குற தொப்பியை எடுத்து அது மேல மாட்டு. தொப்பி தொங்கினா மேல ஆள் இருக்கான்னு அர்த்தம். எந்தக் கொம்பன் வந்தாலும் தொடக் கூடாது. டிரம்ல கை வைக்கிற அத்தனை பேருக்கும் சொன்னேன். சின்னவர் வேற எதுல அசட்டையா இருந்தாலும் அதுல இருக்க மாட்டார்."

மேடம் எழுந்தார். வெளியே யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அவன் வலையைப் பார்த்தான்.

"என் பொண்ணு பாக்க வர மாட்டேங்குது. கொலைகாரன் பொண்ணுன்னு கூடப் படிக்கிறதுங்க சொல்லுதாம். எங்கயாவது பாத்தா சொல்லுங்க, உங்கப்பன் ஒரு சாண்லதான் வச்சான்னு."

காரில் ஏறியதும் கொசுறு சொன்னான். "திமிர் பிடிச்சவன். ஆனா பொய் சொல்றவனுக்கு இவ்வளவு திமிர் கட்டுப்படியாகாது."

"போட்டோல தொப்பியும் இல்ல," என்றார் மேடம்.

ஷெட்டில் மண்ணே எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தது. ஓரத்தில் நொறுங்கிய வேன் ஒன்று வாய் பிளந்து நின்றது. சின்னவரின் லாரி போலீஸ் வசம் இருந்தது. அதே மாதிரி வின்ச்சும் அதே மாதிரி பிரேக்கருமாக அண்ணனின் லாரி மட்டும் நடுவில் நின்றது. ஆபீஸ் என்பது மூலையில் ஓர் அறை.

சின்னக்கா போனில் இருந்தாள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, வண்டி நிற்கிறதா கவிழ்ந்துவிட்டதா, ஆளுக்கு ஒன்றும் இல்லையே என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே சொட்டிய குழாயை மூடினாள். நாற்காலியில் கிடந்த ஸ்பானரைத் தட்டில் வைத்தாள். கொசுறு குடித்து முடிக்காத டீயை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி வைத்தாள். வாய் ஒரு கம்பெனி, கை இன்னொரு கம்பெனி என்று கொசுறு நினைத்துக்கொண்டான். டீக்காக வருத்தப்பட்டான்.

போனை வைத்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, வயர்மேனைப் பார்த்தீர்களா என்பது. இரண்டாவது கேள்வி, அவனுக்கு எத்தனை வருஷம் கிடைக்கும்.

மேடம் அன்று நடந்ததைக் கேட்டார். நெடுஞ்சாலையில் பஸ் கவிழ்ந்த நாள் அது. போன் மேல் போன். ஆபீஸை விட்டு அசையவே இல்லை என்றாள். பெரியவர் பின்பக்கம் ஒரு வண்டிக்கு அடியில் கிரைண்டர் வைத்து அறுத்துக்கொண்டிருந்தார். ஷெட்டில் இருந்தது அவர்கள் மூன்று பேர்தான். பெரியவர் போட்ட கூச்சலில்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது.

"அவரோட தொப்பி?"

"இங்கதான், ஆணியில இருந்துச்சு. எப்பவும் அங்கதான் இருக்கும். கடைசியில அவரோடயே அனுப்பிட்டேன்."

மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு வெற்று ஆணி. அவள் அதைப் பார்த்தாள். பிறகு, கேட்காமலே, புருஷனைத் திட்டத் தொடங்கினாள். போட்டது போட்ட இடம். ஒரு செருப்பு கேட்டுக்குப் பக்கத்தில், இன்னொன்று லாரிக்கு அடியில். சட்டை பம்ப் மேல். ஒரு பொருளை எடுத்த இடத்தில் வைத்ததில்லை, சாகும்வரை.

"பொறுக்கிப் பொறுக்கி எடுத்து வச்சே என் முதுகு போச்சு," என்றாள். "இப்ப பொறுக்க ஒண்ணும் இல்ல."

வெளியே வந்ததும் கொசுறு தீர்ப்புச் சொன்னான். தொப்பி ஆணியில் இருந்திருக்கிறது. ஆகவே சின்னவர் அன்று லீவரில் தொப்பியை மாட்டவில்லை. வயர்மேன் சொல்லிக் கொடுத்த பழக்கம் காற்றில் போய்விட்டது. மேடம் பெரியவரைத் தேடிப் பின்பக்கம் நடந்தார்.

பெரியவர் நெடுநெடுவென்று உயரம். வயர்மேன் பெயரைக் கேட்டதும் துப்பினார். தம்பியோடு சண்டையா என்று மேடம் கேட்டதற்கு ஒளிக்கவில்லை. ஷெட்டை இரண்டாகப் பிரித்துக் கொடு என்று கேட்டது உண்மை. தம்பி மாட்டேன் என்றது உண்மை. ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லை.

"கேக்குறது தப்பா? இப்ப முழுசும் என்கிட்டதான் இருக்கு. யாரோட பிரிச்சுக்கறது?"

கொசுறு மேடத்தைப் பார்த்தான். மேடம் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னவர் அன்று தொப்பியை ஆபீசில் வைத்துவிட்டு வெறுந்தலையோடு வேலை செய்திருப்பாரோ என்று கொசுறு கேட்டு வைத்தான்.

"உச்சி வெயில்லயா?" என்றார் பெரியவர். "அவன் தலையைப் பாத்ததில்லியே நீங்க. துலக்கி வச்ச செம்பு. முட்டையை உடைச்சு ஊத்தினா வெந்துரும். தொப்பி இல்லாம வாசல்படி தாண்ட மாட்டான். நான்தான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன்."

சிரிப்பதற்காக அவர் வாய் திறந்தது. அப்படியே நின்றுவிட்டது.

மேடம் அவரிடம் ஓர் உதவி கேட்டார். அவருடைய லாரியின் கயிற்றை ஷெட்டின் இரும்புத் தூணில் மாட்டி, வின்ச்சை ஓட்டிக் காட்ட வேண்டும். அசையாத தூணை இழுத்தால் என்ன நடக்கும் என்று பார்க்க வேண்டும். பெரியவர் தோளைக் குலுக்கிவிட்டு மாட்டினார். எல்லோரையும் கயிற்றிலிருந்து தள்ளி நிற்கச் சொன்னார். ரிமோட்டோடு பாட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். பாட்டரிப் பெட்டியின் பக்கவாட்டில் பிரேக்கர். இடுப்பு உயரம். சின்ன மஞ்சள் லீவர்.

கயிறு விறைத்தது. மோட்டார் முக்கியது. டக்கென்று லீவர் விழுந்தது.

அந்த வயர்மேனைப் பற்றிப் பெரியவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சு நிற்கவில்லை. ஒரு விரல் மட்டும் போய் லீவரை மேலே தள்ளியது. மோட்டார் மறுபடியும் முக்கியது. லீவர் மறுபடியும் விழுந்தது.

"போதும்," என்றார் மேடம்.

எல்லாம் ஓய்ந்ததும் அவர் மெதுவாகச் சொன்னார். "உங்க தம்பி லீவரை இறக்கினார். யாரோ ஏத்தினாங்க. கயிறு அவரோட சேந்து இறுகிச்சு. மோட்டார் இப்ப முக்கின மாதிரி முக்கிச்சு. லீவர் தானா ரெண்டாவது தடவை விழுந்துச்சு. போலீஸ் போட்டோ எடுத்தது அந்த ரெண்டாவதை."

பெரியவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

"அப்ப பிரேக்கர் சரியாத்தான் இருந்துச்சா?"

"ரெண்டு தடவை சரியா வேலை செஞ்சிருக்கு. நடுவுல ஒரு விரல்."

"நான் அன்னிக்கு அந்தப் பக்கமே போகலீங்க. போயிருந்தா எனக்கு ஞாபகம் இருக்காதா?"

"இப்ப ஏத்தினீங்களே, அது ஞாபகம் இருக்கா?"

"நான் எங்க ஏத்தினேன்?"

பெரியவர் மேடத்தைப் பார்த்தார், கொசுறைப் பார்த்தார், பிறகு தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தார். அது வேறு யாருடையதோ போல அதைப் பார்த்தார்.

அவர் போனதும் கொசுறு மேடத்தின் காதோரம் வந்தான். ஆள் கிடைத்துவிட்டார் என்றான். ஒரு மாதம் பேசாத தம்பி, முழுசாகக் கைக்கு வந்த ஷெட், தானாக ஏறும் விரல். தெரிந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா என்பது மட்டும்தான் பாக்கி.

"உன் தொப்பியைக் குடு," என்றார் மேடம்.

அது டிரைவிங் ஸ்கூல் தொப்பி. முன்பக்கம் ஸ்கூலின் பெயர் பாதி அழிந்திருந்தது. மேடம் சொன்னபடி கொசுறு தூணிலிருந்து கயிற்றை விடுவித்தான். பாட்டரியின் ஒரு முனையைக் கழற்றிப் போட்டான். இனி லீவரை எப்படி ஆட்டினாலும் எறும்பைக்கூட இழுக்க முடியாது. இறங்கிய லீவரின் மேல் தொப்பியை மாட்டினான். இருவரும் கேட்டுக்கு அருகே காரில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். மேடம் ஸ்டியரிங்குக்குப் பின்னால். கொசுறு அவனுடைய இடத்தில்.

ஒரு சங்கிலி எடுத்துவரும்படி பெரியவருக்கு மேடம் குரல் கொடுத்தார். அதற்கு வழி லாரியை ஒட்டித்தான்.

பெரியவர் வந்தார். பாட்டரிப் பெட்டியை நெருங்கும்போதே கை தானாக உயர்ந்தது. தொப்பியைப் பார்த்தது. அந்தரத்தில் நின்றது. இறங்கியது.

"யாரு மேல?" என்று குரல் கொடுத்தார். பதில் வரவில்லை. மேல்தட்டை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. இருந்தும் தொடவில்லை. லீவரிலிருந்து ஓர் அடி விலகியே சுற்றிக்கொண்டு சங்கிலி எடுக்கப் போனார்.

கொசுறுக்கு ஏமாற்றம். "தொப்பியைப் பாத்தா விரல் நிக்குது."

"நிக்கும். டிரம்ல கை வைக்கிறவங்க கையெல்லாம் நிக்கும்."

"அப்ப சின்னவர் தொப்பி மாட்டல. மாட்டியிருந்தா பெரியவர் தொட்டிருக்க மாட்டார்."

"உச்சி வெயில். மொட்டைத் தலை," என்றார் மேடம். "தொப்பியோடதான் வெளிய வந்திருக்கார். லீவரை இறக்கிட்டு அதுமேல மாட்டிட்டுத்தான் மேல ஏறியிருக்கார். ஒரு பொருளை எடுத்த இடத்துல வைக்காத மனுஷன். பின்ன தொப்பி ஆணிக்கு எப்படிப் போச்சு?"

தொப்பிக்குக் கால் முளைத்திருக்கும் என்று சொல்ல கொசுறு வாயெடுத்தான். அப்போது ஆபீஸ் கதவு திறந்தது.

சின்னக்கா வெளியே வந்தாள். தோளில் போன். யாருடைய வண்டியோ எங்கேயோ பள்ளத்தில் இறங்கியிருந்தது. பாதை எந்தப் பக்கம், பெரிய லாரி உள்ளே வருமா என்று கேட்டபடியே நடந்தாள். வழியில் கிடந்த கல்லைக் காலால் ஓரம் தள்ளினாள். குனிந்து ஓர் எண்ணெய்த் துணியை எடுத்து டின்னில் போட்டாள். லாரியிடம் வந்தாள். லீவரில் தொங்கிய தொப்பியை எடுத்து அக்குளில் இடுக்கினாள். அதே கையின் விரல் லீவரை மேலே தள்ளியது. பார்வை எங்கோ இருந்தது. பேச்சு ஓர் எழுத்துகூடத் தடுக்கவில்லை. லாரியை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி ஆபீசுக்குள் போனாள்.

கொசுறின் கால் பிரேக்கை மிதித்தது. விடாமல் மிதித்துக்கொண்டே இருந்தது.

"மேடம்," என்றான் கடைசியில். "இதை யாருக்கு வச்சீங்க?"

"பெரியவருக்குத்தான்." மேடம் சாவியை உருவினார். "அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

அவர்கள் உள்ளே போனபோது அவள் பேசி முடித்திருந்தாள். ஏதாவது வேணுமா என்று கேட்டாள். மேடம் அவளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தார். அவளும் திரும்பிப் பார்த்தாள்.

ஆணியில் தொப்பி.

ஒரு கணம் அவள் முகத்தில் வந்தது சந்தோஷம் என்றுதான் கொசுறு பிற்பாடும் நம்பினான். பிறகு அவள் எழுந்துபோய் அதை எடுத்தாள். பாதி அழிந்த எழுத்துகளைப் படித்தாள்.

"இது யாருது?"

"என்னுதும்மா."

"எங்க வச்சிருந்தீங்க?"

மேடம்தான் சொன்னார்.

"லாரியில. லீவர் மேல."

"லீவரு?"

"ஏத்திட்டீங்க."

அவள் தொப்பியை மேசைமேல் வைத்து, விளிம்பை மேசையின் விளிம்போடு நேராக்கினாள். அப்போதுதான் பேசினாள். அவர்களிடம் பேசுவதுபோல் இல்லை.

"மோட்டார் சத்தம் கேட்டுச்சு. வேலை நடக்குதுன்னு நெனச்சேன்."

பிறகு சொன்னாள். "தொப்பி தொங்கினா தொடக் கூடாதுன்னு எனக்கு யாரும் சொல்லல."

சங்கிலியோடு பெரியவர் வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. சங்கிலியைச் சத்தம் வராமல் தரையில் இறக்கினார். உள்ளே வந்து கதவைச் சாத்தினார். மேடத்திடம் தாழ்ந்த குரலில் பேசினார். போனவன் போய்விட்டான். இந்தப் பெண்ணுக்கு இனி யாரும் இல்லை. இதை இந்த அறைக்குள்ளேயே விட்டுவிடலாம். போலீசே ஒரு முடிவுக்கு வந்துவிட்ட விஷயம். நாம் எதையும் மாற்றிச் சொல்லவில்லை, சும்மா இருக்கிறோம், அவ்வளவுதான்.

"வயர்மேன்?" என்று கேட்டார் மேடம்.

"வெளியாள்தானே மேடம்."

அந்த வெளியாளுக்கு ஒரு பெண் இருக்கிறாள், கொலைகாரன் மகள் என்று சொல்வார்களென்று பயந்து அப்பாவைப் பார்க்கப் போவதில்லை என்று கொசுறு சொன்னான். கேலி இல்லாத அவன் குரலை அவனுக்கே அடையாளம் தெரியவில்லை.

போன் அடித்தது. சின்னக்கா எடுத்தாள். வண்டி நிற்கிறதா கவிழ்ந்துவிட்டதா என்று கேட்டாள். ஆளுக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டாள். சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இன்றைக்கு வண்டி வராது என்று சொல்லி வைத்தாள்.

தொப்பியை எடுத்துக் கொசுறின் கையில் கொடுத்தாள். பீரோவைப் பூட்டினாள். மின்விசிறியை நிறுத்தினாள்.

"எங்கம்மா போற?" என்றார் பெரியவர்.

"ஸ்டேஷனுக்கு, மாமா."

"போய் என்னன்னு சொல்லுவ? உன்னையும் உள்ள வச்சுருவாங்க."

"வைக்கட்டும்."

"தெரியாமதானே செஞ்ச."

"அவனுக்கு எத்தனை வருஷம் கிடைக்கும்னு கேட்டேன், மாமா," என்றாள் அவள். "அது தெரிஞ்சேதான் கேட்டேன்."

பெரியவர் வழியை விட்டார்.

மேடம் சாவியைக் கொசுறிடம் நீட்டினார். "நீ ஓட்டு." அப்படி அவர் என்றுமே சொன்னதில்லை. முன்னால் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சின்னக்கா பின்னால் ஏறினாள்.

லாரியைத் தாண்டும்போது கொசுறு பார்த்தான். மஞ்சள் லீவர் மேலேயே இருந்தது.

முதல் வளைவில் பேப்பர் சரசரக்கும் சத்தம் கேட்டுக் கண்ணாடியில் பார்த்தான். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கைகள் இருக்கையில் சிதறிக் கிடந்த பேப்பர்களை அடுக்கிக்கொண்டிருந்தன. துண்டை மடித்து அதன் மேல் வைத்தன. ஒற்றைச் செருப்பை ஓரமாக நிறுத்தின.

பிறகு அந்தக் கைகள் நின்றன. அவள் குனிந்து அவற்றைப் பார்த்தாள். மடித்த துண்டை உதறினாள். பேப்பர்களை ஒவ்வொன்றாக எடுத்து, முன்பு எப்படிக் கிடந்தனவோ அப்படியே கலைத்துப் போட்டாள்.